பள்ளத்துப் பனி

ராசிக் நானா இறந்து மாதங்கள் ஆகியும், அவருடைய பழைய இரும்புக் கடைக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"மொதலாளி இல்லீங்களா?"

"மொதலாளி மவுத்தாகிட்டாங்க. உங்களுக்கு என்ன வேணும்?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சாரா உம்மா சொல்வாள்.

வந்தவர் கடைக்குள் கண்ணை ஓட்டுவார். தராசு இருக்கும். சுவரில் அரிக்கன் லாந்தர்கள் தொங்கும். மேசையில் பற்றவைக்கும் ஈயக்கோல் இருக்கும். ஓர் ஆண் மட்டும் இருக்க மாட்டான். "சரி, பெறகு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சாரா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு விட்ட வேலைக்குத் திரும்புவாள். ராசிக் நானாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் மங்கிவிட்டது. அந்த வருடங்களில் கடைக்கு வந்த ரேடியோக்களையும் பெட்ரோமாக்ஸ் விளக்குகளையும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பழுதுபார்த்தது அவள்தான். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் யாரும் கேட்டதுமில்லை.

கடை அக்கரப்பத்தனைக் கடைவீதியின் கடைசியில் இருந்தது. நிலம் தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். அடுத்த கொட்டகையும் தோட்டத்தினுடையது. தொழிற்சாலையிலிருந்து இறங்கும் தேயிலைப் பெட்டிகள் லொறி வரும்வரை அங்கே அடுக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலி.

வேலிக்கு இந்தப் பக்கம், கடையின் பின்முற்றத்தில், ராசிக் நானா கடைசியாக வாங்கிய சரக்கு குவிந்து கிடந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களின் தொழிற்சாலைகள் கழித்துப்போட்ட டியூப் லைட் சோக்குகள். ஒவ்வொன்றும் செங்கல்லைவிடச் சிறிய தகரப் பெட்டி. கையில் எடுத்தால் செங்கல்லைவிடக் கனம். உள்ளே இரும்புத் தகடுகளின் அடுக்கு, அதைச் சுற்றித் தலைமுடியைப் போலச் செம்புக் கம்பி, எல்லாவற்றையும் மூடி இறுகிப்போன தார். தாரோடு கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். பிரித்தால்தான் செம்பு செம்பாகவும் இரும்பு இரும்பாகவும் விலைபோகும். கடையின் முதல் முழுவதும் அந்தக் கறுப்புக் குவியலுக்குள் அடைபட்டிருந்தது.

விதவை வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாக் காலம் முடிந்து அவள் கடைக்கதவைத் திறந்த வாரம், கம்பளையிலிருந்து நஜீம் வந்தான். ராசிக் நானாவின் தம்பி. அவனுக்கும் கம்பளையில் இரும்புக் கடை. கெட்டவனல்ல. அண்ணன் நோயில் கிடந்த நாட்களில் பஸ் ஏறி வந்து வந்து பார்த்தவன்.

குவியலைப் பார்த்ததும் சிரித்தான். "இதுக்கா மதினி இவ்வளவு யோசனை? ஒரு பீப்பாயும் ரெண்டு கட்டு விறகும் போதும். தார் எரிஞ்சு போகும், செம்பு மட்டும் மிஞ்சும். கம்பளையில நாங்க அப்படித்தானே செய்யிறம்."

அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் வேண்டாம் என்பது அந்த நிமிடம் அவளுக்கே தெளிவாக இல்லை. ஏதோ ஒன்று உறுத்தியது, அவ்வளவுதான். அவள் யோசித்து முடிப்பதற்குள் பீப்பாயில் தீ மூண்டுவிட்டது. கறுப்புப் புகை முதலில் நேராக எழுந்தது. பிறகு மலைக்காற்று அதை மெதுவாக வளைத்து வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது.

அந்தப் புகையைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. "அணை!" என்று கத்தினாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவளே ஊற்றினாள்.

கம்பளைக்காரனுக்குத் தேயிலை கோப்பையில்தான் தெரியும். பெட்டிக்குள் இருக்கும் தேயிலை பக்கத்தில் நிற்கும் எந்த மணத்தையும் உறிஞ்சிவிடும் என்பது, மண்ணெண்ணெய்ப் போத்தலைக்கூடத் தேயிலைக்குத் தள்ளியே வைக்கும் மலைக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு பீப்பாய் நேரம் அவள் பேசாமல் நின்றுவிட்டாள்.

அன்று மாலையே டீமேக்கர் வந்தார். பேரின்பநாயகம், யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்தில் ஸ்டோர் என்று சொல்லும் தொழிற்சாலையில் தேயிலைக்குப் பொறுப்பானவர். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்று மூக்கை உயர்த்தி இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். நஜீம் எழுந்து நின்றான்.

"இஞ்ச என்ன எரிச்சனீங்கள்?"

"கொஞ்சம் தார்தான் ஐயா" என்றான் நஜீம்.

"கொஞ்சம் எண்டு சொல்லுறீங்கள். வேலியோரம் இருந்த பெட்டியளைத் திறந்து கொதிதண்ணி ஊத்திப் பாத்தனான். தேத்தண்ணி குடிக்கிற மாதிரி இல்லை, ரோட்டை நக்கின மாதிரிக் கிடக்கு. அந்தப் பெட்டியள் இனிக் கப்பல் ஏறாது." அவர் நஜீமைப் பார்க்காமல் சாரா உம்மாவைப் பார்த்துப் பேசினார். "அம்மா, ராசிக்கை எனக்கு நல்லாத் தெரியும். அதால இந்த ஒருதரம் நான் தோட்டத்துத் துரைக்கு ஒண்டும் சொல்லேல்லை. இன்னொருக்கால் இந்த முத்தத்தில புகை எழும்பினால் என்ர கையில ஒண்டும் இல்லை. இது தோட்டத்துக் காணி. கடையைக் கழட்டச் சொல்லுவினம்."

"எழும்பாது" என்றாள்.

அவர் குவியலை எட்டிப் பார்த்தார். "சோக்கோ? எங்கட ஸ்டோரிலயும் பாதி லைட் செத்துப் போச்சு. சல்லடை அறையில பெண்டுகள் தட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாளவை. கொழும்பில கேட்டால் வெளிநாட்டுச் சாமான் வரேல்லை எண்டுறாங்கள். உங்களிட்ட என்னண்டால் செத்ததெல்லாம் மலையாக் கிடக்கு." பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

அவர் போனபின் நஜீம் பீப்பாயைக் கவிழ்த்து நனைந்த கரியைக் கொட்டினான்.

"பிழை என்னோடதுதான்" என்றான். "ஆனா பாருங்க மதினி, இந்தக் கடை உங்களுக்கு என்னத்துக்கு? எரிக்கவும் ஏலாது, விக்கவும் ஏலாது. வாறவங்களும் ஆம்பளையத் தேடிட்டுத் திரும்பிப் போறாங்க. கம்பளைக்கு வாங்க. எங்க வீட்டுல ஓர் அறை இருக்கு. ரஸீனாவும் அதைத்தான் சொல்லுறா. நீங்க ஒரு வேலையும் செய்யத் தேவல்ல."

ரஸீனா அவனுடைய மனைவி. நல்ல பெண். அந்த அறையும் நல்ல அறைதான், ஜன்னல் மகாவலியைப் பார்க்கும். சாரா உம்மா அந்த ஜன்னலோரம் தான் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது தேநீர் கொண்டு வரும்வரை.

"பெருநாள் வரைக்கும் தவணை தா" என்றாள். "அதுக்குள்ள இதைப் புகையில்லாமப் பிரிச்சு வித்துட்டா கடை என்ட கையில. இல்லாட்டி நீயே லொறியோட வா, சாவியைத் தாறேன்."

"புகையில்லாமலா? தார் நீங்க சொன்னாக் கேக்குமா?" என்று சிரித்துவிட்டு, "சரி, பெருநாள் வரைக்கும்" என்று பஸ் ஏறினான்.

தார் கேட்கவில்லை. உளியால் குத்தினாள்; தார் இழுபட்டு, உளியோடு கம்பியும் அறுந்து வந்தது. வெந்நீரில் போட்டாள், பானை பாழானது. தார் கையில் ஒட்டி, சோற்றிலும் மணத்தது. தகரத்தை மட்டும் கத்தரித்து எடுத்தாள். உள்ளே கறுப்புக் கட்டி அப்படியே நின்றது, எதையும் சொல்ல விரும்பாத முகத்தைப் போல. ரமழான் பிறந்தது. நோன்பு பிடித்துக்கொண்டு குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது பழக்கம்தான். ராசிக் நானாவும் அவளும் ஒரு வார்த்தையும் பேசாமல் முழுப் பகலையும் கழித்திருக்கிறார்கள். அந்த மௌனத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். இதில் ஒருத்திதான் இருந்தாள்.

ஜனவரி முடியும் நேரம். ஒரு நாள் சுபஹு தொழுகைக்குப் பின், வெளிச்சம் வந்ததும் கதவைத் திறந்தாள். முற்றம் வெள்ளையாக இருந்தது. இரவு வானம் தெளிந்திருந்து உறைபனி கொட்டியிருந்தது. வேலித் தகரம், விறகு, சோக்குக் குவியல் எல்லாவற்றின்மேலும் உப்பைத் தூவியதுபோல் இருந்தது. தண்ணீர்ப் பீப்பாயின் மூடி உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மூடிமேல் முந்தின நாள் சலித்துப்போய் வைத்த சோக் ஒன்று, தகரம் உரித்தபடி கிடந்தது. மூடியை இரண்டு கையாலும் இழுத்தாள். மூடி பிடுங்கிக்கொண்டு வந்தது. சோக் உருண்டு கல்லில் விழுந்தது.

வழக்கமாக அது விழுந்தால் 'தொம்' என்று கேட்கும். இப்போது பீங்கான் தட்டு உடைந்ததுபோல் கேட்டது.

குனிந்து பார்த்தாள். தார் கண்ணாடிச் சில்லுகளாகச் சிதறிக் கிடந்தது. உடைந்த ஓரங்கள் மினுங்கின. நடுவில் கம்பிச் சுருள் முழுசாக நின்றது. அதைச் சுற்றியிருந்த காகிதத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அவள் உடனே அதைத் தொடவில்லை. கை விறைத்துப்போகும் குளிரில் அப்படியே நின்றாள். வெயில் வேலியைத் தாண்டி வரும்வரை நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். சுதாரித்துக்கொண்டு அடுத்ததை எடுத்துச் சுத்தியலால் தட்டியபோது தார் மறுபடி இளகத் தொடங்கியிருந்தது. நசுங்கியதே தவிர உடையவில்லை.

சிரிப்பு வந்தது அவளுக்கு. கணவர் இறந்த பிறகு முதல் தடவை.

அதன்பின் பனி வரவில்லை. மூட்டம்தான் வந்தது. மூட்டம் இருந்தால் உறைபனி விழாது. காலையும் மாலையும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். அப்படி நின்ற ஒரு மாலைதான் காளியாயி வந்தாள். மேல் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். லாந்தர் பழுதானால் மட்டுமல்ல, பழுதாகாவிட்டாலும் கடையில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போகிறவள். "மொதலாளி இல்லீங்களா" என்று ஒருநாளும் கேட்காதவள்.

"என்னங்க உம்மா, நோம்பு புடிச்சு மொகம் இப்புடி வாடிக் கெடக்கு?"

"நோன்பால இல்ல காளியாயி. பனி விழும் விழும்னு பாத்துட்டு இருக்கேன்."

காளியாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கே! பனி விழக்கூடாதுன்னு தோட்டமே மாரியாத்தாவக் கும்புட்டுக்கிட்டு இருக்கு. கொழுந்து கருகுனா வேல இல்ல, வேல இல்லாட்டி எங்களுக்குப் பேரு விழாது, சம்பளமும் இல்ல. நீங்க என்னடான்னா பனி வேணுங்கிறீங்க. அத அள்ளித் திங்கப்போறீங்களா?"

சாரா உம்மா உடைந்த தார்ச்சில்லைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். நஜீமிடம் சொன்ன வாக்கையும் சொன்னாள். காளியாயி சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"இங்க பாத்தா எப்புடிங்க? கடவீதி மேட்டுல இருக்கு. எட்டாம் நம்பர் மலைக்குக் கீழ ஓடப் பள்ளம் இருக்குல்ல, அங்க வந்து பாருங்க. ராவுல மூட்டம் கலஞ்சு வானம் லேசா வெளுத்தாப் போதும், ஊருக்குள்ள ஒண்ணும் இல்லாட்டியும் அங்க வெள்ளையடிச்ச மாதிரி கொட்டிக் கெடக்கும். குளிரு தண்ணி மாதிரி ஓடிவந்து அங்கதான் தேங்கும். வருசா வருசம் அந்தப் பள்ளத்துச் செடிங்கதான் மொதல்ல கருகும்."

"அங்க கொண்டுபோய் வைக்க விடுவாங்களா?"

"இந்த மாசம் அங்க கொழுந்தே இல்ல. யாரு வரப்போறா? ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். எம் பள்ளத்துல ஒரு துண்டு தாரு கெடக்கக் கூடாது."

"உன்ட பள்ளமா?"

"பின்ன? கருகிப்போன செடியப் புடுங்கிட்டு அத்தன கன்னும் நட்டவ நானுல்ல? தொரைக்கு அது எட்டாம் நம்பரு. எனக்கு அது எம் பள்ளம்."

வானம் தெளிந்த முதல் மாலை, காளியாயி கொழுந்துக் கூடையின் பட்டத்தை நெற்றியில் மாட்டி, கூடை நிறையச் சோக்குகளைச் சுமந்து இறங்கினாள். சாரா உம்மா சாக்குகளையும் சில சோக்குகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். வழியில் கங்காணி எதிர்ப்பட்டார்.

"கூடையில என்ன காளியாயி?"

"ஸ்டோரு லைட்டோட கொடலுங்கய்யா. சூடு புடிச்சுருச்சாம். பள்ளத்துல படுக்கப் போடப் போறோம்."

கங்காணிக்கு விளங்கவில்லை. விளங்காததைக் காட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை. "சரி சரி, செடிய மிதிக்காம போங்க" என்று நகர்ந்தார்.

ஓடையோரம் தரையில் சாக்குகளை விரித்து அவற்றின்மேல் தகரம் உரித்த சோக்குகளைப் பரப்பிவிட்டுத் திரும்பினார்கள். விடிந்ததும், வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன் இருவரும் அங்கே நின்றார்கள். காளியாயி சொன்னது சரிதான். கடைவீதியில் புல் ஈரமாக மட்டும் இருந்தது. பள்ளம் முழுவதும் வெள்ளை. தேயிலைச் செடிகளின் ஓரங்களில் பனி பல் வைத்திருந்தது. தார் கல்லாகியிருந்தது.

முதல் அடியை ஓங்கி அடித்தாள். சுருளின் காகிதம் கிழிந்தது. இரண்டாவதை முட்டை உடைப்பதுபோல் நான்கு பக்கமும் தட்டினாள். தார் ஒரு சட்டையைக் கழற்றியதுபோல் விழுந்தது. அதன்பின் இருவரும் பேசவில்லை. 'டக், டக்' என்ற சத்தமும், சில்லுகள் சாக்கில் விழும் சத்தமும், கீழே ஓடையும்தான். வாயிலிருந்து புகைபோல மூச்சு எழுந்தது. பள்ளத்தில் வேறு புகை இல்லை. தப்புச் சத்தம் மலையில் கேட்டதும் காளியாயி சாக்கை நான்கு மூலையும் பிடித்துக் கட்டி, தரையில் தப்பிக் கிடந்த சில்லுகளைக் கண்ணால் தேடிப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கும் வெளுக்கும்போல இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

வெளுத்த இரவுகளின் மறுநாட்களில் எல்லாம் அப்படிப் போனார்கள். குவியல் குறைந்துகொண்டே வந்தது.

சாரா உம்மா உண்மையில் திகைத்தது கடையில் மேசைக்கு முன் உட்கார்ந்தபோதுதான். செம்பாக விற்பதற்குச் சுருளை வெட்டப்போனாள். கத்தரியை வைத்த இடத்தில் கை நின்றது. சில சுருள்களின் காகிதம் கரியாகியிருந்தது, அவை எரிந்துபோனவை. ஆனால் பலவற்றில் காகிதம் புதுசுபோல் மஞ்சளாகவே இருந்தது. எரியாத சுருள் எப்படிச் செத்தது?

பழைய ரேடியோவின் காதுக்குழாயையும் மின்கலத்தையும் எடுத்தாள். சுருளின் இரண்டு முனைகளையும் தொட்டாள். காதில் 'டிக்' என்றது. கம்பி அறுந்திருந்தால் அந்தச் சத்தம் வராது. அடுத்தது. 'டிக்.' அதற்கடுத்ததும் 'டிக்.' பெட்டியிலிருந்து வெளியே வரும் வயர், சுருளோடு சேரும் பற்றுவைப்பில்தான் துருப்பிடித்து அறுந்திருந்தது. வருடம் முழுவதும் மூட்டமும் மழையும் புகுந்து செய்த வேலை. தொழிற்சாலைக்காரர்கள் விளக்கு எரியவில்லை என்றதும் மாற்றி எறிந்திருக்கிறார்கள். தாருக்குள் என்ன நடந்தது என்று யார் பார்ப்பது?

எரித்திருந்தால் இதெல்லாம் வெறும் செம்பு.

ராசிக் நானா இருந்திருந்தாலும் எரித்திருப்பார். வேறு எங்காவது கொண்டுபோய், தேயிலை இல்லாத இடமாகப் பார்த்து எரித்திருப்பார். இது அவருக்குத் தெரியாத வேலை. இந்த நினைவு முதலில் அவளுக்குக் கொஞ்சம் வலித்தது. அவர் விட்டுப்போன கடையில், அவருக்குத் தெரியாத ஒன்று நடக்கிறது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அந்த வலியோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு அது வலியாக இல்லை. என்ன பெயர் அதற்கு என்று அவள் தேடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

துருவைச் சுரண்டிப் புது வயர் பற்றவைத்தாள். தகடுகளைத் துடைத்து, பழையபடி அடுக்கிச் சுருளுக்குள் செருகினாள். தாருக்குப் பதிலாகத் தச்சர்கள் மேசைக்குப் பூசும் அரக்கு. ஸ்பிரிட்டில் கரைப்பதால் அதற்குத் தீ வேண்டாம், ஆனால் மணம் உண்டு. அதனால் தேயிலைப் பெட்டிகள் எல்லாம் லொறி ஏறிப் பக்கத்துக் கொட்டகை வெறுமையாகும் நாளுக்குக் காத்திருந்து, அன்று முழுவதும் பூசிக் காயவைத்தாள்.

பெருநாளுக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது நஜீம் லொறியோடு வந்தான். முற்றத்தைப் பார்த்தான். குவியல் இருந்த இடத்தில் மண் தெரிந்தது. மோந்து பார்த்தான். ஒன்றுமில்லை. கடைக்குள் பலகைகளில் சோக்குகள் வரிசையாக இருந்தன, தார் இல்லாமல், அரக்கின் சிவப்பில் பளபளத்துக்கொண்டு.

"இது என்ன மதினி? பிரிச்சு விக்கிறன்னு சொன்னீங்க. திருப்பிப் பூட்டி வச்சிருக்கீங்க?"

"விக்கத்தான். நீ லொறியை எடு. ஸ்டோருக்குப் போகணும்."

"இதால லைட் எரியும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல்ல. கடைவீதிக்குக் கரண்ட் இல்லையே. ஸ்டோருலதான் பாக்கணும்."

நஜீம் தலையைச் சொறிந்துகொண்டான். எரியாவிட்டால் அந்த லொறியிலேயே கடைச் சாமானை ஏற்ற வேண்டியிருக்கும். அது இருவருக்கும் தெரியும். நஜீம் சோக்குகளை லொறியில் ஏற்றத் தொடங்கினான்.

அக்கரப்பத்தனையில் இத்தனை வருடம் இருந்தும் சாரா உம்மா தொழிற்சாலைக்குள் போனதில்லை. சல்லடை அறை நீளமாக, மங்கலாக இருந்தது. வெளியே மூட்டம் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு நின்றது. பெண்கள் தட்டுகளைக் கண்ணருகே பிடித்துக் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பேரின்பநாயகம் ஒரு சோக்கைக் கையில் வாங்கி, மற்ற எதையும் பார்க்குமுன் மூக்கருகே கொண்டுபோனார்.

"மணமில்லை" என்றார். "தார் எங்க?"

"பனியில போச்சு ஐயா."

அவர் சோக்கை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். ஏணிமேல் நின்ற ஆளிடம் சோக்கைக் கொடுத்தார். வயர்கள் சேர்ந்தன. சுவிட்சைத் தட்டினார்கள். டியூப் இரண்டு தரம் சிமிட்டிவிட்டு முழுவதும் வெளுத்தது. கூடவே அறை முழுக்க ஒரு பெரும் ரீங்காரம் எழுந்தது. தேனீக் கூட்டத்தைத் தகர டின்னுக்குள் அடைத்ததுபோல. பெண்கள் தட்டுகளை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"ஆத்தாடி, லைட்டு பாட்டுப் பாடுது!"

"பனியில படுத்து எந்திரிச்சா சளி புடிக்காதா?" என்றது இன்னொரு குரல். பள்ளத்துக் கதை அதற்குள் தொழிலாளர் லயங்களுக்கெல்லாம் போயிருந்தது.

நஜீம் சுவரோரம் தள்ளி நின்றான். பேரின்பநாயகம் காதைத் தேய்த்தார். "இதோட இருந்து வேலை செய்யேலாது அம்மா. விசர் பிடிச்சிடும்."

சாரா உம்மா அசையாமல் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். சிரிப்பையல்ல, அதற்கு அடியில் இருந்த சத்தத்தை. கம்பி அல்ல. தகடு. தார் இருந்தபோது தகடுகளை இறுக்கிப் பிடித்திருந்தது. அரக்கு ஒட்டும், நெருக்காது. எங்கேயோ ஒரு தகடு தளர்ந்து துடிக்கிறது.

"அணைங்க" என்றாள். "ஒரு மூங்கில் சிம்பு வேணும்."

மூலையில் கிடந்த உடைந்த கூடையிலிருந்து ஒருத்தி சிம்பு ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தாள். சாரா உம்மா அதைக் கத்தியால் சீவி மெலிந்த ஆப்பாக்கினாள். முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணியில் இருந்தவனை இறங்கச் சொல்லிவிட்டு, தானே ஏறினாள். சிம்பு கொடுத்தவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். தகடுகளை விரலால் தடவித் தளர்ந்த இடத்தைக் கண்டுபிடித்து, சுருளுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஆப்பை வைத்து, கத்திப்பிடியால் மெல்லத் தட்டி இறக்கினாள். பள்ளத்தில் தட்டிய அதே தட்டு.

இறங்கி, "போடுங்க" என்றாள்.

விளக்கு சிமிட்டியது. வெளுத்தது. சத்தம் இல்லை. அறையின் அந்த மூலை முழுவதும் வெளிச்சம் விழுந்து, தட்டுகளில் இருந்த தேயிலையின் கறுப்பும் குச்சிகளின் சிவப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒருத்தி தட்டைக் கண்ணருகிலிருந்து மடிக்கு இறக்கிக்கொண்டாள்.

பேரின்பநாயகம் விளக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "மற்றதுகளையும் பூட்டுங்கோ" என்றார் ஏணிக்காரனிடம். பிறகு சாரா உம்மா பக்கம் திரும்பி, "டயகமப் பக்கத்து ஸ்டோர்காரரும் என்னைப் போலத்தான் இருட்டுக்குள்ள நிக்கினம். அவைக்கும் சொல்லிவிடுறன். ஆப்பை மட்டும் இஞ்ச வாறதுக்கு முதலே வைச்சுவிடுங்கோ" என்றார்.

வயதான பெண் ஒருத்தி, விளக்குக்குக் கீழே வந்து நின்று பார்த்துவிட்டு, சுவரோரம் நின்ற நஜீமிடம் போனாள். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக அங்கே நின்ற புது ஆள் அவன் ஒருவன்தான்.

"நல்லாருப்பீங்க மொதலாளி" என்று கும்பிட்டாள்.

நஜீம் திடுக்கிட்டான். சாரா உம்மா அவனைப் பார்க்கவில்லை. ஏணிக்காரனுக்கு அடுத்த சோக்கை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய கை நின்றுவிட்டது.

"நான் லொறி ஓட்டிட்டு வந்தவன் ஆத்தா" என்றான் நஜீம். "மொதலாளி அந்தா நிக்கிறாங்க."

அவள் கை மறுபடி அசைந்தது.

திரும்பும்போது லொறியின் பின்தட்டு வெறுமையாகக் குலுங்கியது. இருவரும் கடைவீதி வரை பேசவில்லை. அந்த மௌனம் சாரா உம்மாவுக்குப் பாரமாக இல்லை. கடைவாசலில் இறங்கியதும் நஜீம், "பெருநாளுக்காவது கம்பளைக்கு வருவீங்களா?" என்று கேட்டான்.

"வருவேன். பெருநாள் சாப்பாட்டுக்கு வருவேன். மத்த நாள் கடை திறக்கணும்." கதவைப் பூட்டியிருந்த பூட்டைத் திறந்தவள், அவன் லொறியைக் கிளப்பியதும் திரும்பி வந்து லொறியின் கதவைத் தட்டினாள். "உன்ட கடையிலயும் பழைய சோக்கு கிடக்குமே?"

"நிறையக் கிடக்கு. பெருநாள் முடிய எரிக்க எடுத்து வச்சிருக்கேன்."

"எரிக்காத. அப்படியே கொண்டு வா."

லொறி வளைவில் மறைந்தது. மூட்டம் மேற்கே விலகிக்கொண்டிருந்தது. மலைக்கு மேல் ஒரு கீற்று வானம் கழுவியதுபோல் தெளிந்து தெரிந்தது. கீழே லயத்துப் பாதையில் கூடையோடு ஏறிவந்துகொண்டிருந்த காளியாயி, தூரத்திலிருந்தே கையை உயர்த்தி வானத்தைக் காட்டினாள். சாரா உம்மா உள்ளே போய், கம்பளைச் சரக்கு வந்ததும் பள்ளத்துக்கு எடுத்துப்போகச் சாக்குகளை உதறி மடித்து வைத்தாள்.